ஏழாம் நம்பர் சரிவில் விழாதவள்

போடி மலைக்கு மேலே, ஜீப்பு ஏறி இறங்கி மறுபடி ஏறி, ஏலக்காய்த் தோட்டமெல்லாம் முடிந்து தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் தும்பிமெட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் எஸ்டேட்டில் பழைய செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுச்செடி வைக்கக் கம்பெனிக்கு மனசு வராமல் மொட்டையாய் விட்ட ஒரு சரிவுக்கு ஏழாம் நம்பர் என்று பேர். மார்கழி பிறந்துவிட்டால் அந்த ஏழாம் நம்பரில் மட்டும், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லாமல், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லாமல், பனி பெய்யும். பனி என்றால் நம்மூரில் விடியக்காலம் புல் நுனியில் நிற்குமே, அந்தப் பனி இல்லை. கால் வைத்தால் முழங்கால் வரை புதைகிற, அள்ளினால் உருண்டை பிடிக்கிற, படத்தில் பார்க்கிற பனி.

முதல் தடவை அது பெய்த காலையில் தோட்டத்து பீல்டு ஆபீசர் வந்து, "எவன்டா இங்க சுண்ணாம்பைக் கொட்டினது?" என்று கத்திவிட்டு, தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு, சுவெட்டர் எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்களுக்கு எடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சுற்றுப் பாதையில் போனால் கணக்குப்பிள்ளை திட்டுவார். அவர்களுக்குக் கங்காணியாக இருந்த நாகஜோதி கொழுந்துச் சாக்கைச் சரிவில் போட்டு, அதன் மேல் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, "நான் போறேன், வர்றவளுக வாங்கடி!" என்று ஒரு தள்ளு தள்ளி, எடைக் கொட்டகை வாசலில் போய் இறங்கி, சாக்கை உதறித் தராசில் வைத்தாள். அதிசயத்துக்கு ஊர் கொடுத்த வரவேற்பு அம்புட்டுத்தேன்.

அது ஏன் பெய்கிறது, எதற்குப் பெய்கிறது என்று தும்பிமெட்டில் ஒருத்தரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வனத்துறைக்காரர்கள் வந்து, இது காட்டுக்குள் இல்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். கம்பெனியோ, செடியில்லாத நிலத்தில் எது விழுந்தாலும் சரிதான் என்று விட்டுவிட்டது. ஊர் கூடிப் பேசியபோது, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை தொண்டை கிழியப் பேசியது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளுக்கொரு நாள் மண்டகப்படி இருக்கிற மாதிரி, பனிக்கு யாருக்கு எந்த நாள்? கொழுந்தெடுக்கிற பெண்களுக்குத் திங்கள் என்றார்கள். ஜீப்பு டிரைவர்கள் அதற்கு முறுக்கிக்கொண்டு செவ்வாயை வாங்கினார்கள். ஏலக்காய்க் களத்துக்காரர்கள் வெள்ளிதான் வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் சறுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்து, கைதட்டலோடு நிறைவேறியது.

அப்புறம் வேலை நடந்தது பாருங்கள், அதைச் சொல்ல வேணும். சில்வர் ஓக் மரத்தை அறுத்துப் பலகையாக்கி, நுனியை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தார்கள். மழைக்குப் போடுகிற கம்பூட்ஸைச் சைக்கிள் டியூபால் பலகையோடு இழுத்துக் கட்டினார்கள். அடியில் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பார்த்து, அது உறைந்து கட்டிதட்டிப் போனதும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்கள். கையில் மூங்கில் கம்பு. மேலே ஏறுவதற்கு, ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் இன்ஜினைத் தூக்கி வந்து சரிவின் அடியில் நட்டு, உச்சியில் ஜீப்பு வீல் ஒன்றை மாட்டி, இரண்டையும் சுற்றி வடம் ஓட விட்டார்கள். வடத்தைப் பிடித்துக்கொண்டால் அதுவே ஆளை இழுத்துக்கொண்டு போய் உச்சியில் விடும். காப்புக் கட்டி, உச்சியில் தேங்காய் உடைத்து, மாரியம்மன் கோயில் பூசாரி கற்பூரத் தட்டோடு பலகையில் ஏறி நின்று, வளைந்து வளைந்து வந்து, வழியில் நின்ற அத்தனை பேருக்கும் திருநீறு கொடுத்தபடியே அடிவாரம் வந்து சேர்ந்தார். கற்பூரம் அணையவில்லை. என்னா சனம்ங்கிறீங்க!

அந்த இன்ஜினை ஓட்டியவன் தவசி, நாகஜோதியின் புருஷன். பனிக்கு முந்தி அவன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான்; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி வருவான், ஊதாவும் பச்சையுமாய் நகக்கண்ணில் சாயம் போகாமல் வருவான், இரண்டு நாள் இருந்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். "போகட்டுமா?" என்பான். "உங்க இஷ்டம்" என்பாள் நாகஜோதி. அவன் போய்விடுவான். பனி வந்த வருஷம் இன்ஜினுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது; அவன் தங்கினான். பனி கிடக்கிற மாதங்களில் இன்ஜின், மற்ற மாதங்களில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடப் பலகை இழைப்பது, வடம் முறுக்குவது என்று பிழைப்பு ஓடிவிட்டது. இராத்திரி அவன் குறட்டை சத்தத்தில் நாகஜோதி நன்றாகத் தூங்கினாள். அதை அவள் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்கிற ரகமா அவள்?

பனிக்கும் ஒரு தீனி இருக்கிறது என்று கண்டுபிடித்தது டீக்கடை சுருளிவேல். சறுக்குக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். முதல் வருஷம் ஊரே விழுந்து விழுந்து எழுந்தது, பனி இடுப்பளவு நின்றது. போகப்போக ஊர் பழகிக்கொண்டது, விழுவது குறைந்தது, பனியும் வற்றியது. ஒரு தை மாசம், இது புறம்போக்கா பட்டாவா என்று பார்க்க ஒரு தாசில்தார் வந்து, எல்லோரும் சொல்லச் சொல்லக் கேளாமல் பலகையில் ஏறி, உச்சியிலிருந்து அடிவாரம் வரை உருண்டு, எடைக் கொட்டகைக்குள் புகுந்து தராசில் போய் நின்றார். அன்று சாயங்காலமே புதுப்பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. சுருளிவேல் டீ ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தார். "மலைக்கு வேண்டியது இதுதேன். மனுசன் நெசமா விழணும். நெசமா விழுந்தா பனி, விழலைன்னா வெயிலு" என்றார். சரிதான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது, சர்க்கரை கம்மி என்று சொல்வதை ஒத்துக்கொள்கிற மாதிரி.

நெசமாய் என்பதில்தான் சிக்கல் இருந்தது. வேணுமென்று விழுந்தால் மலை அசையாது. மொக்கராசு என்றொருத்தன், ஜீப்பு கிளீனர், நாடகத்தில் வேஷம் கட்டுகிறவன், ஊருக்காக நான் விழுகிறேன் என்று முன்வந்து, ஐயோ அப்பா என்று அலறி, இரண்டு கரணம் போட்டு, கண் சொருகி, நாக்கைத் தள்ளிக் கிடப்பான். பார்க்கிற நாமே தூக்க ஓடுவோம். மலை ஒரு பொட்டுப் பனி போடாது. பயம் தெரியாத பிள்ளைகள் விழுவதையும் மலை கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே வெளியூர்க்காரர்கள் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள், கல்யாணப் பார்ட்டி, பாங்க் மேனேஜர், சபரிமலைக்குப் போகிற வழியில் ஆசைப்பட்டு ஏறிவந்த சாமிமார்கள். ஒவ்வொரு விழுகைக்கும் ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். விழுந்தவர்கள், இம்புட்டு மரியாதையான ஊரா என்று பனியைத் தட்டிக்கொண்டே மறுபடி விழுந்தார்கள்.

நாகஜோதி மட்டும் விழவே மாட்டாள். அந்த முதல் நாள் சாக்கில் இறங்கினதிலிருந்து அவள் ஒரு தடவை கூட விழுந்ததில்லை. கொசுவத்தைத் தூக்கிச் சொருகி, தலையில் முண்டு கட்டி, உச்சியிலிருந்து அவள் இறங்கினால் பின்னால் ஒற்றைக் கோடு விழும், வாழைநார் உரித்த மாதிரி. "நாகஜோதி விழுந்தா மலை நம்மகிட்ட வேறென்னத்தக் கேக்கும்?" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அதில் பெருமை தாங்காது. குனிந்து கும்பிட்டுப் பேசி அறியாத உடம்பு அது.

இந்த வருஷம் ஐப்பசி மழையில் ரோடு சரிந்தது. ஜீப்பு வரவில்லை, வெளியூர் ஆள் வரவில்லை, விழ ஆளில்லை. பொங்கல் கழிந்தபோது பனி உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஒரு பாதை அகலத்துக்குச் சுருங்கிப்போய், இரண்டு பக்கமும் செம்மண் தெரிந்தது. "கறவை முழுசா வத்துன மாடு மாதிரி. ஒரு தரம் அத்துப்போச்சுன்னா அப்புறம் வராதுப்பா" என்றார் சுருளிவேல். அன்றைக்குத் தவசி இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து பழைய பையை எடுத்து வாசலில் வெயிலில் உலர்த்தினான். "பனி போச்சுன்னா சாயப்பட்டறைக்குத்தேன் போகணும். கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்" என்றான். நாகஜோதி அரிசியைப் புடைத்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள். சொல்லிவிட்டு, புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

இந்த நேரத்தில்தான் சுருளிவேல் ஒரு பெரிய காரியம் செய்தார். யாரோ ஒரு டிரைவரின் போனில் ஒரு பெண் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருந்தார். பாட்காஸ்ட்டு என்றான் டிரைவர், ரேடியோ என்று எடுத்துக்கொண்டார் இவர். அந்தப் பெண் பேர் எப்சிபா, கோயம்புத்தூர்க்காரி. பெரிய பெரிய பனிமலைப் பக்கம் போகாமல், ஊர்க்காரர்களே நடத்துகிற சின்னச் சின்னக் குன்றுகளாகத் தேடிப்போய், அங்கிருக்கிறவர்களிடம் இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுருளிவேல் முகம் மலர்ந்துபோனது. "இம்புட்டுக் கேள்வி கேக்குதுன்னா அதுக்கு ஒன்னும் தெரியாதுன்னு அர்த்தம். தெரிஞ்சவ எதுக்குய்யா கேக்கப்போறா? இந்தப் புள்ளைய வரவழைப்போம். உச்சியில ஏத்தி விடுவோம். தாசில்தார் விழுந்தத விடப் பிரமாதமா விழும்" என்றார். ஊர் முழுக்க அவர் புத்தியை மெச்சியது. போன் போட்டார்கள். அவளும் அந்த வாரமே வருகிறேன் என்றாள்.

ரோடு சரிந்த இடத்தை நடந்து கடந்து எப்சிபா வந்தபோது ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது, மாலை காத்திருந்தது, ஆரத்தி காத்திருந்தது. தோளில் துணி சுற்றி நீளமாய் ஏதோ வைத்திருந்தாள். பிரித்தால் பலகை, பளபளவென்று நெல்லிக்காய்ப் பச்சையில். சுருளிவேல் அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "புதுப் பலகை. பளபளத்தா வழுக்கும், விழுகும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

டீக்கடையில் அவள் மைக்கை வைத்தாள். ஊர் முண்டியடித்தது. மெழுகு தேய்க்கிற பக்குவத்தைப் பூசாரி சொன்னார். வடத்தில் ஏறும்போது சேலையை எப்படி ஒதுக்க வேணும் என்று பெண்கள் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மொக்கராசு பெஞ்சிலிருந்து விழுந்தே காட்டினான். எப்சிபா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், கண் கலங்கினாள். பிறகு ஊர் அவளைக் கேட்க ஆரம்பித்தது. கனடாவில் படிக்கும்போது ஒரு குன்றுக்குப் போனேன் என்றாள். உருளைக்கிழங்குக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது, டிராக்டர் இன்ஜின்தான் கயிற்றை இழுக்கும், சர்ச்சு அம்மாமார் சூப் காய்ச்சி ஊற்றுவார்கள், விழுந்தவன் எழுந்திருக்கும் வரைக்கும் அத்தனை பேரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இமாசலத்தில் ஓர் ஆப்பிள் தோட்டம், அங்கே பாலர் பள்ளி டீச்சர்தான் எல்லாம். "எங்க போனாலும் இதேதான். சூப்புச் சட்டியோட ஒரு அம்மா, இன்ஜினோட ஒரு அண்ணன், நடுவுல நின்னு சத்தம் போட ஒருத்தர். ஆனா இப்படி ஒரு குன்னை நான் பார்த்ததே இல்லை. நீங்க எல்லாம் யாருங்க! கடவுள் கொடுத்ததை இவ்வளவு அழகா பங்கு போட்டு வச்சிருக்கீங்களே" என்றாள். சுருளிவேல் மூக்கைச் சிந்தினார்.

"சரி ஆத்தா, மேல போய் ஒரு சறுக்கு சறுக்கிட்டு வந்துரு" என்று ஆசையாய்ச் சொன்னார்.

தவசி இன்ஜினைப் போட்டான். வடம் அவளை மேலே கொண்டு போனது. அடிவாரத்தில் ஊர் இரண்டு வரிசையாய் நின்றது. குலவை போடுகிற பெண்கள் நாக்கைத் தயாராய் வைத்துக்கொண்டு நின்றார்கள். அடிபட்டால் தடவ ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். உச்சியில் எப்சிபா கண்ணாடியை மாட்டினாள், குனிந்தாள், வந்தாள்.

வந்தாள் பாருங்கள்! இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்ந்து, செம்மண் ஓரத்தை ஒரு விரல் தொடாமல், ஓடைத் திருப்பத்தில் இரண்டு ஆள் உயரம் எழும்பி, காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, பூ உதிர்ந்த மாதிரி இறங்கி, சுருளிவேலின் கால் பெருவிரலுக்கு நேரே வந்து நின்றாள். நாகஜோதி தன்னை மறந்து, "அடி ஆத்தி!" என்றாள். எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தவள் விசும்பி அழுதாள்.

எப்சிபா கண்ணாடியைக் கழற்றி, "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லாருந்துச்சும்மா. நாசமாப் போச்சு" என்றான் மொக்கராசு.

மறைக்கத் தெரிந்த சனமா அது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், தாசில்தாரிலிருந்து. எப்சிபாவுக்கு முகம் சிவந்துபோனது. நான் விழுவதற்காகவா இவ்வளவு மேளம் என்று கோபப்பட்டிருக்கலாம். அவளோ, "ஐயோ, முன்னாடியே சொல்லியிருந்தா நான் எங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்திருப்பேனே, வாசப்படியிலேயே விழுவான்" என்று வருத்தப்பட்டாள். திரும்பத் திரும்ப ஏறினாள். ஒற்றைக் காலில் வந்தாள், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாள், சில்வர் ஓக் பலகையில் வந்தாள், பின்பக்கமாய் வந்தாள். படித்த உடம்பு விழ மாட்டேன் என்றது. ஒவ்வொரு தடவைக்கும் ஊர் ஏமாந்தது. ஏமாந்த கையோடு, என்ன வித்தை என்னா வித்தை என்று மெச்சி அவளுக்கு ஏலக்காய் டீயும் ஊற்றிக் கொடுத்தது. வெயில் சாயும்போது பனி ஜமக்காளத்து அகலம்தான் இருந்தது.

"கடைசியா ஒரு சுத்து எல்லாரும் போயிட்டு, கும்பிட்டு விட்டுருவோம்" என்றார் சுருளிவேல். யாருக்கு எந்த நாள் என்று அடித்துக்கொண்ட ஊர் அன்றைக்கு நாள் பார்க்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒன்றாகவே வடத்தைப் பிடித்தார்கள். தவசி இன்ஜின் பக்கத்தில் நின்றான். பை அவன் காலடியிலேயே இருந்தது. விடிந்ததும் போடிக்கு நடந்து இறங்க வேணும். அதற்குள் நாகஜோதி கருவேப்பிலைப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்துவிட்டாள். அதைத்தான் வைக்கத் தெரிந்தது அவளுக்கு. போகாதே என்ற ஒரு சொல், அவள் நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாய்க் கல்லாய்க் கிடந்தது. வாசலில் அவன் நிற்கிற ஒவ்வொரு தடவையும் அது தொண்டை வரை வரும், நான் எதற்குக் கெஞ்ச வேணும், மனசிருந்தால் தானாய் இருக்கட்டுமே என்று அவளே விழுங்கிவிடுவாள்.

"அக்கா, உங்க பேட்டி மட்டும்தான் பாக்கி" என்று எப்சிபா வந்து, அவள் சேலைத் தலைப்பில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினாள். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எப்சிபாவுக்குக் கிடையாது. எந்தக் குன்றிலும் அவள் வழக்கம் இதுதான்: ஏறும்போது பாதிக் கேள்வி, இறங்கும்போது பாதிக் கேள்வி. ஏறும்போது ஆட்கள் யோசித்துப் பேசுவார்களாம். இறங்கும்போது யோசிக்க நேரமிருக்காது, மனசில் இருப்பது வந்துவிடுமாம்.

இருவரும் முதல் ஆளாய் ஏறினார்கள். ஏறும்போது நாகஜோதி நன்றாகப் பேசினாள். சாக்கில் இறங்கிய கதையைச் சொன்னாள், தாசில்தாரைப் போல நடித்துக் காட்டினாள். "நீங்க விழுந்ததே இல்லையாமே அக்கா?" என்று கேட்டதற்கு, "விழுறதுக்கு வேற ஆளு பாருன்னு மலைகிட்டயே சொல்லிட்டேன்" என்று வாயடித்தாள். உச்சியில் திரும்பிப் பார்த்தால் வடம் முழுக்க ஊர், கீழிருந்து மேல்வரை, கல்யாணப் பந்தியைப் போல நெருக்கியடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, இன்ஜின் புகைக்குள், தவசி சின்னதாய்த் தெரிந்தான்.

இருவரும் பக்கம் பக்கமாய் இறங்கினார்கள், அந்த ஜமக்காளத்து அகலத்தில். காற்று காதில் இரைந்தது. பாதி வழியில் எப்சிபா கேட்டாள்:

"நாளைக்கு இந்தப் பனி இல்லைன்னா, என்ன செய்வீங்க அக்கா?"

நாகஜோதியிடம் பதில் தயாராய் இருந்தது. கொழுந்து இருக்கு, செடிக்குக் கவாத்து இருக்கு, சோலிக்கா பஞ்சம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் அதைச் சொல்லவில்லை.

"அவுக போயிருவாகளேம்மா" என்றது வாய்.

சொன்ன குரலை அவளே கேட்டாள். யாரோ சின்னப் பெண் அழுகிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, முன்னால் இருந்த கோடு மறைந்தது, இடது பலகை வலது பலகையின் மேல் ஏறியது. நாகஜோதி விழுந்தாள். தாசில்தாரெல்லாம் எம்மாத்திரம்! தலை கீழாய், கால் மேலாய், முண்டு ஒரு பக்கம், மூங்கில் கம்பு ஒரு பக்கம், உருண்டு, புரண்டு, செம்மண்ணில் ஏறி, மறுபடி பனிக்கு வந்து, உதடு கிழிந்து, மல்லாக்கக் கிடந்தாள்.

கீழே தவசி பார்த்தான். அவள் விழுவதை அவன் பார்த்ததே இல்லை. ஆள் செத்துப்போனாள் என்று நினைத்துவிட்டான். வடத்தில் ஆள் இருக்கும்போது இன்ஜினை நிறுத்தக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன், லீவரைப் படாரென்று அடித்து நிறுத்திவிட்டு, "ஏ ஜோதீ!" என்று அலறிக்கொண்டு சரிவில் ஏறி ஓடினான். இழுத்துக்கொண்டிருந்த வடம் தொய்ந்தது. மேலே இருந்த பூசாரி கீழே இருந்த மாமியார் மேல் சரிந்தார், மாமியார் மருமகள் மேல், மருமகள் சுருளிவேல் மேல். பழுத்த குலை சரிந்த மாதிரி தும்பிமெட்டு மொத்தமும் ஒருத்தர் மேல் ஒருத்தராய் ஓடை வரைக்கும் போய்க் குவிந்தது. அன்றைக்கென்று விழ மனசில்லாமல் அடிவாரத்தில் கும்பிட்ட கையோடு நின்ற மொக்கராசு, எல்லாருக்கும் அடியில் கிடந்து, "ஐயோ, நெசமா விழுந்துட்டேன்! இது நெசம்டா!" என்று கூவினான்.

வானம் மூடியது. முதல் பனி நாகஜோதியின் நெற்றியில் விழுந்தது.

தவசி மூச்சு வாங்க வந்து மண்டியிட்டு, அவள் காலைப் பிடித்துப் பார்த்தான், கையைப் பிடித்துப் பார்த்தான், உதட்டு இரத்தத்தைத் துண்டால் ஒற்றினான். "எங்க வலிக்குது, சொல்லு புள்ள, எங்க?" என்றான். எப்சிபா இரண்டடி தள்ளிப் போய் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"போகாதீங்க" என்றாள் நாகஜோதி.

"எங்க?"

"திருப்பூருக்கு. பனி இருந்தாலும் போகாதீங்க. இல்லைன்னாலும் போகாதீங்க. பச்சத்தண்ணியக் குடிச்சுக்கிட்டு இங்கயே கெடப்போம். நீங்க போயிட்டா எனக்கு வீட்டுக்குள்ள இருக்க முடியலைங்க."

பனி இப்போது கனமாய் இறங்கியது, வேலி வரை, ஓடை வரை, செம்மண் மறைந்து ஏழாம் நம்பர் முழுக்க வெள்ளையாய் நிறைந்தது. தவசி அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். வாசலில் பையோடு நின்ற எத்தனையோ காலைகள் அவன் முகத்தில் வந்து போயின.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்தப் பனியே நமக்குத் தேவைப்பட்டிருக்காதே, புள்ள" என்றான்.

அடிவாரத்துக் குவியலிலிருந்து சுருளிவேல், "ஏய் தவசி, இன்ஜினைப் போடப்பா! எம்மேல ஊரே கெடக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.